ஆற வைத்த குப்பி

1984 ஜூலை 18, புதன்கிழமை, காலை ஒன்பது பத்து. வெளியே புழுக்கத்தோடு மழை. அமெரிக்க ஆய்வகத்தில் சேர்ந்து பதினோரு மாதமாகியும் ஒன்று எனக்குப் பழகவில்லை. உலர்ந்த பொருளைக்கூட ஈரக்காற்று புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டிச் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்துத்தான் தொடுவார்கள்.

நான் ஆராய்ந்தவை டங்ஸ்டன் ஆக்சைடு கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் ஓரிடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். கொத்தை டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்து, சூடாக்கி நன்றாக உலர்த்தினால் அது எழுந்து போய்விடும். அந்தக் காலியிடத்தில் வேறு எது வந்து உட்காரும் என்பதே என் கேள்வி. பதில், பெரிய காந்தத்துக்குள் அணுக்களின் குரலைக் கேட்டுக் கோடுகளாக வரையும் என்.எம்.ஆர். கருவியில் இருந்தது. டங்ஸ்டனின் குரல் மெலிசு. ஒரு படத்துக்கு அறுபது மணி நேரம். ஆகஸ்டில் குழு கூடி, நான் தொடர்வதா ஊர் திரும்புவதா என்று முடிவு செய்யும். அதற்குள் கருவியில் எனக்கு ஒரே ஒரு முறைதான். அது அன்று காலை முடிந்தது. தண்ணீரின் கோடுகள் அசையாமல் நின்றன.

பக்கத்து மேசை மார்த்தா கேட்டாள்: "குப்பியை எப்போது மூடினாய்?"

"பெட்டிக்கு வெளியே இருபது நிமிடம் ஆறவிட்டு."

"திறந்தா? உங்கள் மதச் சடங்கா?" மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

சடங்கில்லை, ஏலக்காய். ஊரில், ஏலக்காய் உலர்த்தும் போடிமெட்டு ஸ்டோரில், உலர்ந்த காயைச் சூட்டோடு சாக்கில் அள்ளப் போனால் அண்ணன் கத்துவார்: "அப்பு, வேர்த்துப் பூத்துப் போகும்டா! பரப்பி ஆறவிடு. அப்படி என்ன வெரசு?" ஆறு வருட விடுமுறைகளில் கைக்கு ஏறிய பழக்கம். மழைக்காற்றின் ஈரத்தைக் குப்பி குடித்துவிட்டது.

இதைச் சொன்னதும் மார்த்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உன் அண்ணன் சொன்னது சரி. டொலுயீனுக்குத்தான் வேர்க்காது." கருவியின் பதிவேட்டில் தன் முறைக்கு எதிரே இருந்த தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். பதிலுக்கு, காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றும் அவளது ஞாயிறு வேலையில் நான்கு ஞாயிறை நான் செய்யக் கேட்டாள். அவ்வளவு குறைவாகக் கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வருடம் என்றேன்.

இரண்டாம் முறை குப்பியைப் பெட்டிக்குள்ளேயே மூடினேன். தண்ணீரின் கோடுகள் மறைந்தன. நான் தங்கினேன்.

அந்த வருடமே அண்ணனுக்குக் கல்யாணம். மார்த்தா போகச் சொன்னாள். கொடுத்த வாக்கை விட்டு நான் போகவில்லை. "சோலிய முடிச்சிட்டே வாடா அப்பு" என்று அண்ணன் எழுதினார், கோபமில்லாமல்.

இன்றும் அவர் அனுப்பும் ஏலக்காயில் பாதியைத் தட்டில் பரப்புகிறேன், பாதியை இறுக மூடுகிறேன். எது சரியென்று இந்த வயதிலும் தெரியவில்லை.

அந்தப் படத்துக்கு ஆன மொத்தச் செலவு: நூற்றிருபது மணி நேரம், ஐம்பத்திரண்டு ஞாயிறு, அண்ணன் கல்யாணம் ஒன்று.