வியாழக்கிழமைத் தராசு

நாடே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. விடியமுன்னரே சங்கக்கடை வாசலில் சனம் கூடிவிடும். அரிசிக்குத் தட்டுப்பாடு, சீனி கண்ணில் தென்படாது, மாவும் கூப்பனுக்கு அளந்துதான். அப்படிப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்கிற சேர்ஜன் என் அக்காவைப் பார்த்து, "முதல்லை நிறையைக் குறையுங்கோ, பேந்து பாப்பம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் தொடையில் நுள்ளினாள்.

சிரிக்கிற விஷயமில்லைத்தான். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு அக்காவின் தொப்புளுக்கு மேலே ஒரு வீக்கம் வந்திருந்தது. இருமினால், தும்மினால், கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினால் அந்த இடத்தால் குடல் பிதுங்கிக்கொண்டு வரும். அவள் மல்லாந்து படுத்து, மூச்சை அடக்கி, உள்ளங்கையால் மெல்ல மெல்ல அமுக்கி உள்ளே தள்ளுவாள். ஒருநாள் அது உள்ளே போக மறுத்தது. மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும்வரை அடுப்படிக் குசினி நிலத்தில் கிடந்து துடித்தாள். பிறகு தானாகவே போய்விட்டது. சேர்ஜன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "குடல் முறுகினால் ஆள் தப்பாது. வெட்டித் தைக்கத்தான் வேணும். ஆனால் இந்த நிறையோடை மயக்க மருந்து தந்தால் மேசையிலையே போயிடுவியள்." அன்றிலிருந்து அக்கா தும்மலுக்கே பயந்தாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். அத்தான் கொழும்பில் கிளாக்கர்; மாதம் ஒருமுறை ரயிலில் வந்து, அடுத்த ரயிலில் போய்விடுவார். நான் கலியாணம் ஆகாதவள். கோப்பாயில் அதே வளவில் தையல் மெசினோடு இருந்தேன். ஆகவே அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைவது என் பங்கு.

வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் பின்பக்க விறாந்தையில் நிறை குறைக்கிற கிளினிக் நடந்தது. அரசாங்கம் சும்மா தருகிற வைத்தியம். சும்மா தருவதால் காலையில் முதல் பஸ்ஸிலேயே போக வேண்டும். பிந்தினால் மத்தியானம்வரை வாங்குப் பலகையில் காத்துக் கிடக்க வேண்டும். எல்லோரும் பெண்கள்தான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருந்தார். குருநகரிலிருந்து மீன் விற்கிற பெண் ஒருத்தி வருவாள். முழங்கால் தேய்ந்துபோய் அவளுக்குக் கூடை தூக்க முடியவில்லை. "நான் என்னத்தைத் தின்னுறன் எண்டு இப்பிடி ஊதுறன், மாதாவே!" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். கொழுத்த வீட்டுக்காரர் என்று எங்களைப் பார்த்து வாசற்காவலாளி சிரிப்பான். நான் ஒருநாள் அவனை நல்லாகக் கேட்டுவிட்டேன்.

நடுவில் அந்தத் தராசு. ஏறி நின்றால் மிஸ்ஸி, அதுதான் தாதி, தண்டிலுள்ள குண்டை மெல்ல நகர்த்தி, நிறை எத்தனை இறாத்தல் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். முதல் நாள் அக்காவிடம், "எத்தினை நேரம் சாப்பிடுவியள்?" என்று கேட்டார்.

"ஒரு நேரந்தான் மிஸ்ஸி."

அது பொய்யில்லை. மத்தியானம் மட்டுந்தான் சோறு. காலைப் பிட்டையும் இரவுப் பிட்டையும் யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்?

"அப்ப பிட்டு ஆர் தின்னுறது? வீட்டுப் பூனையே?" என்றார் மிஸ்ஸி. விறாந்தையே சிரித்தது, அக்காவும் சிரித்தாள்.

ஆறேழு மாதம் தராசு அசையவில்லை. பிட்டைக் குறைத்தாள், தேங்காய்ப்பூவைக் குறைத்தாள், குரக்கன் ரொட்டி தின்றாள். ஓர் இறாத்தல் இறங்கினால் அடுத்த வியாழன் ஒன்றரை ஏறும். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பி அழுவாள். பிறகு, மாசி மாதம்போல, நிறை இறங்கத் தொடங்கியது. ஒரு கிழமை மூன்று இறாத்தல். அடுத்த கிழமை நாலு. மிஸ்ஸி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

நான் அக்காவுக்குச் சட்டை தைக்கிறவள். பக்கத்தைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தால் இருபது நாளில் அது திரும்பவும் தொளதொளக்கும். கையில் சதை போய்த் தோல் தொங்கியது. இத்தனைக்கும் அவள் முன்பைவிடக் கூடத்தான் சாப்பிட்டாள். இரவிரவாக எழும்பித் தண்ணீர் குடித்தாள். குடத்துத் தண்ணீர் விடியும்போது இருக்காது.

"அக்கா, உது சரியில்லை. தின்னத் தின்ன ஆர் மெலியிறது?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்து! உன்ரை நாவூறு பட்டு எல்லாம் திரும்ப ஏறப்போகுது" என்று எரிந்து விழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் நல்லது நடக்கும்போது அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பிள்ளை கொழுத்தால் கொழுத்தது என்று சொல்லக் கூடாது. பசு கனக்கப் பால் கறந்தால் அளவைச் சொல்லக் கூடாது. சொன்னால் நாவூறு. அக்கா தன் மெலிவை அப்படித்தான் பொத்திப் பொத்தி வளர்த்தாள். வெள்ளிக்கிழமை பொழுதுபட, உப்பும் செத்தல் மிளகாயும் தன்னைச் சுற்றி அடுப்பில் போடுவாள். கிளினிக் டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார், அதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்: "தண்ணி விடாய் இருக்கோ? களைப்பு ஏதும்?"

"ஒண்டுமில்லை ஐயா, சுகமாயிருக்கிறன்."

நான் வாயைத் திறந்தேன். என் கால் விரலில் குதிக்காலால் மிதித்தாள். வெளியே வந்ததும் நான் ரோட்டில் நின்று கத்தினேன். "உனக்கு விசரே? கேக்கிற டொக்டருக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னால் ஒப்பரேஷனைப் பின்போடுவினம். நான் செத்தால் என்ரை பிள்ளையளை நீ பாப்பியே?"

அடுத்த பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் வந்தோம்.

சேர்ஜன் சொன்ன நிறைக்கு அக்கா வந்ததும், ஒப்பரேஷனுக்கு வார்ட்டில் அனுமதித்தார்கள். வெட்டுமுன் சலம், அதுதான் சிறுநீர், பார்க்க வேண்டும் என்றார்கள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து விளக்கில் பிடித்தார் ஓர் இளம் டொக்டர். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கட்டி நிறத்தில் நின்றது. அவர் குழாயை எங்களுக்குக் காட்டினார். "நீரிழிவு, சீனி வருத்தம். நீங்கள் மெலியேல்லை அம்மா, உடம்பு கரைஞ்சு கொண்டு போகுது." அக்கா அவரை நம்பாமல் பார்த்தாள்.

ஒப்பரேஷன் நின்றது. இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். காலையில் ஊர் டிஸ்பென்சரிக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். "சாப்பிடாமல் ஊசி போடக்கூடாது, மயங்கி விழுவியள்" என்று எச்சரித்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது, விடாய் அடங்கியது, பிள்ளைகளோடு சிரித்தாள். நான் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். ஆனால் வியாழக்கிழமைத் தராசில் போன இறாத்தல் எல்லாம் திரும்பி வந்து நின்றது.

"சீனியும் கட்டுப்பட வேணும், நிறையும் குறைய வேணும். அதுக்குப் பிறகுதான்" என்றார் சேர்ஜன். அவர் சொன்னதில் பிழையில்லை. அன்று பஸ்ஸில் அக்கா அழவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"ஊசி போட முதல் நான் மெலிஞ்சு கொண்டு போனனான். உந்த ஊசிதான் என்னை ஊத வைக்குது."

"உப்பிடிக் கதையாதை" என்றேன். எனக்குப் பயம் பிடித்தது அன்றுதான்.

அதன் பிறகு வீட்டில் விரதம் பெருகியது. வெள்ளி விரதம், அமாவாசை, சதுர்த்தி. முன்பெல்லாம் வெள்ளிக்கே மரக்கறிச் சோறு தின்று சமாளித்தவள், இப்போது பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். விரதமென்றால் சாப்பாடில்லை. சாப்பாடில்லையென்றால் ஊசியில்லை. அதைத்தான் டொக்டரே சொன்னாரே! சட்டை மறுபடியும் தொளதொளக்கத் தொடங்கியதும் நான் நேரே டிஸ்பென்சரிக்கு நடந்தேன். அங்கே மருந்து கொடுப்பவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்தார்.

"ஓம் பிள்ளை, விரத நாளிலை வரவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். பக்தியான மனுசி" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் நின்றேன். "நீ கடவுளுக்கு விரதமிருக்கேல்லை, தராசுக்கு இருக்கிறாய்" என்றேன்.

அவள் முகம் கறுத்தது. "முருகன்ரை விரதத்துக்கு நீ குறுக்கை நிக்கிறியோ? இந்த வீக்கத்தோடை ஒரு நாள் வாழ்ந்து பார், பேந்து கதை."

அத்தானுக்குச் சொன்னேன். அவர், "விரதம் நல்லதுதானே" என்றார். யாரிடம் போவது? விரதம் பிடிக்கிறவளைத் தடுக்க எங்கள் ஊரில் சட்டமும் இல்லை, ஆளும் இல்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் உபவாசம். மழை விடாமல் பெய்தது. அக்கா தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டு காலையும் மாலையும் கோயிலுக்குப் போனாள். மூன்றாம் நாள் குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தாள். நாலாம் நாள் வயிற்றுவலி. உபவாசக்காரருக்கு உது வழமை என்று கோயிலில் பெண்கள் சொன்னார்கள். அவளுக்கு மாலையில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஆறாம் நாள், சூரன்போர் நாள், வியாழக்கிழமையாய் விடிந்தது.

"கிளினிக்குக்குப் போட்டு வந்து சூரன் பாப்பம்" என்றாள். போகட்டும், அங்கே டொக்டர் கண்ணாலேயே பிடித்துவிடுவார் என்று நானும் புறப்பட்டேன். பஸ்ஸில் அவள் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். வாயிலிருந்து, அளவுக்கு மீறிப் பழுத்த மாம்பழ வாசம் வந்தது.

விறாந்தையில் கூட்டம். நான் டொக்டரைத் தேடி உள்ளே போவதற்குள் அவள் தராசில் ஏறிவிட்டாள். மிஸ்ஸி குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார். "அம்மாடி! சொன்ன நிறையிலும் குறைவு! இனிச் சேர்ஜனிட்டை அனுப்பலாம்" என்றார். வாங்கிலிருந்த பெண்கள் கை தட்டினார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "கண்டியே?" என்றாள். இறங்கும்போது கால் மடிந்து, தராசின் மேலேயே சரிந்தாள்.

மிஸ்ஸிதான் முதலில் அவள் வாயை மோந்து பார்த்து, "ஊசி போடேல்லையோ? சீனி ஏறி இரத்தம் நஞ்சாகிப் போச்சு!" என்று கத்தினார். வார்ட்டுக்கு ஓடினார்கள், ஊசி, சேலைன் எல்லாம் ஏற்றினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த நாள் காலை கோயிலில் விரதம் முடிக்கிற பாறணைச் சோறு போடுகிற நேரத்தில் அக்கா போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை.

செத்த வீட்டுக்கு ஊரே வந்தது. அக்காவின் சின்னவள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். நான் அழவில்லை, எனக்கு அவ்வளவு கோபம். அக்காவின் மீது, விரதத்தின் மீது, முருகன் மீதும்தான். புத்தூரிலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, பாரமான உடம்பு, நடக்கவே இளைக்கிறவள், பிரேதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, காதோடு காதாகக் கேட்டாள்:

"எவ்வளவு வடிவா மெலிஞ்சு கிடக்கிறா. பிள்ளை, அந்தக் கிளினிக் எந்தக் கிழமை?"

அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அரசாங்கம் அவளுக்கும் வேறு எதைக் கொடுத்தது?

"வியாழக்கிழமை. முதல் பஸ்ஸிலை போங்கோ" என்றேன். "திடீரெண்டு மெலியத் தொடங்கினால், தண்ணி விடாய் வந்தால், உடனை டொக்டரிட்டை வாயைத் திறந்து சொல்லுங்கோ."

அவள் முகம் மாறியது. என்னைவிட்டுத் தள்ளி எழும்பி, "உதென்ன கதை, தொடங்கமுன்னமே வாய் வைக்கிறாய்" என்று முணுமுணுத்து, என் நாவூறு பட்டுவிடாதபடி மூன்றுதரம் நிலத்தில் துப்பிவிட்டுப் போனாள்.