மூடுபனியில் ஒரு வளைவு

பொயாகா மாநிலத்தின் இளையோர் சைக்கிள் அணிக்கு நூபியாதான் பயிற்சியாளர். திறமையான பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வேகம் கற்றுத்தருவது அவள் வேலை. ஆனால் மலை இறக்கம் வந்தால் அவளுக்கே பயம்.

அன்று மூடுபனியில், அவளுடைய காருக்கு முன்னால் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்த அணிப் பெண் சுல்மா வளைவில் மறைந்தாள். உடனே எதிர்ப்பக்கம் லாரி ஹாரன் அலறியது.

"சுல்மா, பதில் சொல்லுடி!"

நூபியா வயர்லெஸ்ஸில் கத்தினாள். வளைவைத் தாண்டினால், பள்ளத்தின் விளிம்பில் சைக்கிள் மட்டும் கிடந்தது. நூபியா பிரேக்கை மிதித்து, காரிலிருந்து இறங்கி ஓடினாள்.

எதிர்ப்பக்கம் பாறையோடு ஒட்டிக்கொண்டு சுல்மா நின்றிருந்தாள்.

"லாரியப் பாத்ததும் பயந்து குதிச்சிட்டேன் டீச்சர். அணியிலேருந்து தூக்கிருவீங்களா?"

"குதிக்கலன்னா உன்னத்தான்டி தூக்கிட்டுப் போயிருக்கணும்! கார்ல ஏறு."

அதட்டினாளே தவிர, ஊர் வந்து சேரும்வரை நூபியா காரை இருபதுக்கு மேல் ஓட்டவில்லை. மறுநாள் ஆறு பேரோடு அதே மலைக்குப் போக வேண்டும்.