நண்டுத்திட்டை எதிரும் புதிருமாகச் சுற்றியது

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நேரத்தை மாமாவின் கடிகாரத்தில் பார்த்தேன். தூரத்தை வண்டிக்காரரிடம் கேட்டேன். காலடிகளை நானே எண்ணினேன். நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையைப் படித்துவிட்டு யாராவது அங்கே போக நினைத்தால், அவர்கள் ஏமாறக் கூடாது.

நான் செங்கல்பட்டில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அத்தை ஆஸ்பத்திரியில் ஆயா. மாமா ரயில்வேயில் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். இருவருக்கும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கல்யாணம் ஆயிற்றாம். அதனால் வருஷம் தவறாமல் அந்த நாளில், ரயில்வே பாஸில், ஏதாவது ஒரு தீவுக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். பழவேற்காடு ஏரிக்குள் ஒரு திட்டு, மண்டபத்துக்கு எதிரே உள்ள குட்டித் தீவுகள், தூத்துக்குடிப் பக்கம் ஒன்று என்று பத்துத் தீவுகள் ஆகிவிட்டன.

எல்லாம் சின்னத் தீவுகள்தான். அதற்குக் காரணம் உண்டு. இறங்கியதும் இருவரும் கரையோரமாகவே நடந்து, தீவை முழுக்கச் சுற்றி வர வேண்டும். அதன் பிறகுதான் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். சுற்றாத தீவு, போகாத தீவு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் மாமா. ஒரு வருஷம் மன்னார்ப் பக்கம் கப்பலேறிப் போயும், பாதிச் சுற்றில் புயல்மழை பிடித்துத் திரும்பிவிட்டார்கள். அதை மாமா இன்றுவரை சேர்க்கவில்லை.

இந்த ஆடி மாதம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வேலை போயிற்று, பாஸும் போயிற்று. "இந்த வருசம் வேணாம்மே" என்றார் மாமா.

"பாஸு தானேயா போச்சு? நாளு போச்சா?" என்றார் அத்தை. வார்டில் படுத்திருந்த ஒரு கோவளத்து அம்மாளிடம் விசாரித்து, கழிமுகத்துக்குள் நண்டுத்திட்டு என்று ஒரு மணல் திட்டு இருப்பதையும் தெரிந்துகொண்டு வந்துவிட்டார்.

காலை ஆறேகாலுக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒன்பதணா. திருப்போரூரில் இறங்கும்போது ஏழு நாற்பது. பஸ் படி உயரம். மாமாவை இறக்குவதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார், மூன்றாம் தடவை ஊதவில்லை. அங்கிருந்து மாட்டுவண்டி, சுமார் ஐந்து மைல், ஒன்றேகால் ரூபாய். வழியெல்லாம் உப்பங்காற்று. ஒன்பதரைக்குக் கழிக்கரையில் இருந்தோம்.

படகுக்காரர் பெயர் காதர் பாய். கொண்டுபோய் விட்டு மறுநாள் அழைத்து வர இரண்டு ரூபாய். திட்டில் வலை வைக்கிற அவருடைய குடிசையில் படுத்துக்கொள்ளக் காசு இல்லை. மாமாவின் காலைப் பார்த்தார்.

"இன்னா நைனா, காலு இப்டி கீது, திட்ட சுத்தப் போறேன்றியே?"

"காலு என்து. நீ படகப் பாரு" என்றார் மாமா.

பத்து ஐந்துக்கு நடக்கத் தொடங்கினோம். கிழக்குக் கரையில் மணல் ஈரமாக, கெட்டியாக இருந்தது. மாமா ஊன்றுகோலோடு முன்னால், அத்தை பக்கத்தில், எண்ணிக்கொண்டு நான் பின்னால். அறுநூற்று நாற்பது அடியில் மாமா உட்கார்ந்தார். இளைப்பாறி எழுந்து இன்னும் இருநூற்றுப் பத்து. அடுத்த தடவை தொண்ணூற்றைந்துதான். ஒதுங்கிக் கிடந்த ஒரு பனங்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. பாதித் தீவுகூட ஆகவில்லை. மணி பன்னிரண்டு. எனக்கு நல்ல பசி, அதையும் எழுதத்தான் வேண்டும்.

காதர் பாய் படகைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். "முதுவுல ஏறிக்கோ நைனா, ஒரே சுத்து, முடிஞ்சிரும்."

"நான் இன்னா மூட்டையா?"

"அப்ப படகுல குந்து."

"படகுல சுத்தினா படகு சுத்தின மாரி. நான் சுத்தின மாரி ஆவுமா?" பிறகு மாமா அத்தையைப் பார்த்தார். "பத்தோட போதும்மே. சோத்த எடுத்துக்கினு வூட்டுக்குப் போலாம்."

அத்தை புடவையை இழுத்துச் செருகினார். "நீ இங்கியே குந்து. எறங்கின எடத்துலேர்ந்து நான் அந்தாண்டப் பக்கமா வரேன்."

"அது செல்லாது. சேர்ந்து சுத்தணும்."

"சேர்ந்துதான்யா சுத்தறோம். நீ இங்கேர்ந்து, நான் அங்கேர்ந்து."

அதற்குமேல் அத்தை நிற்கவில்லை. தாழம்புதர்களுக்கு நடுவே திட்டைக் குறுக்காகக் கடந்து, நாங்கள் இறங்கிய இடத்துக்குப் போய், மேற்குக் கரையோரமாக நடக்கத் தொடங்கினார். எண்ண வேண்டுமே என்று நானும் ஓடினேன். மேற்குக் கரை முழுக்கச் சேறு. சேற்றுக்குள் சிப்பி ஓடுகள். நானூறு அடியில் அத்தையின் குதிகால் கிழிந்தது. முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். "எவ்ளோ ஆச்சு?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். ஆயிரத்தைத் தாண்டி வளைவில் திரும்பியபோது பனங்கட்டை கண்ணுக்குத் தெரிந்தது. அதன்மேல் மாமா இல்லை.

அத்தை இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "யோவ்!" என்று கத்தினார்.

"இங்க கீறாரும்மா!" என்று காதர் பாயின் குரல் கேட்டது. புதர் மறைவுக்கு அப்பால், கணுக்கால் ஆழச் சேற்றில், இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு மாமா எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "பேஜாராப் போச்சு! கையப் புடிக்கப் போனா கம்பால அடிக்க வராரு!"

அத்தை நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிப்போய்ப் பிடிப்பார் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. மாமா கடைசிப் பத்து அடியையும் தாமாகவே நடந்து வந்தார். நாங்கள் பார்க்காமல் அவர் நடந்ததை அப்புறம் தடத்தைப் பார்த்து எண்ணினேன். வலது பாதம், இடது கால் இழுத்த நீளக்கோடு, கோல் ஊன்றிய குழி. இப்படி எண்பத்து மூன்று.

"கால்ல ரத்தம்மே" என்றார் மாமா.

"ஒன் மூஞ்சியெல்லாம் சேறு" என்றார் அத்தை.

"சரி, சோத்த அவுத்துடு."

"செல்லாதுன்னீங்களே மாமா?" என்று நான் கேட்டேன்.

"சட்டம் போட்டவனுக்குத் திருத்தத் தெரியாதா? குந்து, துன்னு."

ஒன்று நாற்பதுக்குப் புளிச்சோறும் வறுத்த கருவாடும் சாப்பிட்டோம். காதர் பாய்க்கும் கொடுத்தோம். அன்று முழுவதும் மாமா பதினொன்று, பதினொன்று என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிக்கத் தண்ணீர் அங்கே கிடையாது, இரண்டு கூஜாவாவது எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால்தான் சுற்றிலும் தண்ணீர் இருக்கும். சித்திரையில் மேற்குப் பக்கம் வற்றி, மாடுகூட நடந்து போகுமாம். மேற்குக் கரையில் செருப்பு அவசியம். குடிசையில் கொசு அதிகம். திரும்பும்போது பகல் ஒரு மணிக்குள் கழியைக் கடந்துவிடுங்கள், பிறகு கடற்காற்றில் படகு ஆடும்.

மாமா தனியாகச் சேற்றில் நடந்த அந்தத் துண்டு போக, மீதித் தீவு முழுவதையும் அத்தை நடந்தார். மாமா பாதிக்குச் சற்றுக் குறைவு. இதைப் படித்துக் காட்டியபோது இருவருமே மாற்றச் சொல்லவில்லை. வேறு பெரியவர்களாக இருந்தால், நடக்க முடியாதவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இரவு எட்டரை. அத்தை ராத்திரி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவார். மாமா வீட்டிலிருந்து எதிரே நடப்பாராம். நாளைக்குத் தெருக்குழாய் வரை, அடுத்த வாரம் வாராவதிப் பாலம் வரை, பங்குனிக்குள் ஆஸ்பத்திரி வாசல் வரை. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி மாமா விளக்கை அணைத்துவிட்டார்.