சலூன்கார அண்ணன் கேட்ட கேள்வி

எங்கள் ஆங்கில வகுப்பில் பதினொரு பேர். பத்துப் பேர் வேலை தேடி வந்தவர்கள். பதினோராவது ஆளுக்கு ஏற்கெனவே வேலை இருந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலூனில் பதினாறு வருடமாக முடி வெட்டுகிறவர். சலூன்கார அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். வருகைப் பதிவில் சொந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்.

அது உயர்நிலை வகுப்பு. இலக்கணமெல்லாம் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் முகம் கோணாமல் எப்படி மறுக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், புதியவரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம்தான் பாடம். முதல் நாள் ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்லச் சொன்னார் டீச்சர். நான் நான்கு வாக்கியங்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் எழுந்து ஒரு கதை சொன்னார்.

மாதம் ஒருமுறை வேலையாக வந்து அந்த ஹோட்டலில் தங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர். எப்போது வந்தாலும் அண்ணனின் நாற்காலியில்தான் உட்காருவார். பழகிய உரிமையில் ஒருநாள் அண்ணன் கேட்டிருக்கிறார்: கல்யாணமாகி எத்தனை வருஷம், ஏன் இன்னும் குழந்தை இல்லை. கண்ணாடியில் அந்த முகம் எதையும் காட்டவில்லை. முடிந்ததும் எழுந்து, அழகாக வெட்டியிருக்கிறீர்கள், மிக்க நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மாதாமாதம் ஹோட்டலுக்கு வந்தார். சலூனுக்கு மட்டும் வரவில்லை.

ஆங்கிலத்தில் தொடங்கிய கதையை அண்ணன் தமிழில் முடித்தார். டீச்சரும் தடுக்கவில்லை.

“நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். நன்றி சொல்லிட்டுப் போனாரு பாருங்க, அது முள்ளு மாதிரி உள்ளயே இருக்கு. அவங்க பாஷை எனக்குத் தெரியுது. அவங்களத்தான் தெரியல.”

அவர் மனைவிக்கு இது எதுவும் பிடிபடவில்லையாம். “இங்கிலீஷ்காரனுக்கு முடி என்ன இங்கிலீஷ்லயா வளருது?” என்று கேட்டாராம். மகளோ, வகுப்பு முடிவில் வரும் தேர்வில் அப்பா தேறினால் ஒரு மாதம் வீட்டுப் பாத்திரமெல்லாம் நானே கழுவுகிறேன் என்று பந்தயம் கட்டியிருந்தாள்.

அண்ணனின் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும். ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கேட்கலாம், வலப்பக்கம் கேட்கவே கூடாது. இடப்பக்கத்தில் மழை, வெயில், பயணம், நாய், கால்பந்து. வலப்பக்கத்தில் வயது, சம்பளம், கல்யாணம், குழந்தை, உடம்பு எடை, வீட்டு வாடகை என்று இடமில்லாமல் ஓரத்தில் ஏறிப் போயிருந்தது.

“நம்ம பேச்சு மொத்தமும் இந்தப் பக்கத்துலதான் இருக்கு தங்கச்சி. இதை எடுத்துட்டா வானத்தப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்.”

“அதனாலதான் அவங்க வானத்தப் பத்தியே பேசறாங்களோ என்னவோ” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துருவுவார். “அப்பா என்ன பண்றாரு?” கல்லூரியில் மூன்று வருடமும் இந்தக் கேள்விக்கு ‘வியாபாரம்’ என்று சொல்லித் தப்பித்தவள் நான். அதையே அவரிடமும் சொன்னேன்.

“என்ன வியாபாரம்?”

“காய்கறி.”

“கடையா, வண்டியா?”

வேறு வழியில்லாமல், “மார்க்கெட்ல மூட்டை தூக்கறாரு” என்றேன். அதோடு விடுவார் என்று பார்த்தால் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். எத்தனை மணிக்குக் கிளம்புவார், முதல் லாரியில் என்ன வரும், கழுத்து வலிக்குமா, வலிக்கு என்ன தடவுவார்.

“அண்ணா, இதெல்லாம் உங்க நோட்டுல வலப்பக்கம்.”

“அது அவங்களுக்கு. நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு” என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

எனக்கு ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. மாதக் கடைசிக்குள் ஆங்கிலத் தேர்வின் சான்றிதழைக் காட்ட வேண்டும். இதில் தவறினால் அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்காது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். வேலைக்கு எடுத்துக்கொண்டதாக வந்த கடிதத்தை அப்பா ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைப்பார்.

எழுத்துத் தேர்வு எனக்குப் பயமில்லை. பேச்சுத் தேர்வில்தான் சிக்கல். இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். ஓர் அட்டையைக் கொடுத்து, இருவரும் மூன்று நிமிடம் பேசி முடிவெடுங்கள் என்பார்கள். ஒருவரை ஒருவர் எப்படிப் பேசவைக்கிறோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஜோடிப் பட்டியல் வந்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் அண்ணனின் பெயர்.

அன்று மாலை டீச்சரைத் தனியாகப் பார்த்து, ஜோடியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் வாய் ஓயாது, எனக்குப் பேச இடமே கிடைக்காது என்றேன். என் உண்மையான காரணம் அதுதானா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முடி வெட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் ஆங்கிலமும் மட்டமாகத் தெரியும் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது. மூட்டை தூக்குகிறவரின் மகளுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பட்டியல் தேர்வு மையத்துக்குப் போய்விட்டது, மாற்ற முடியாது என்றார் டீச்சர்.

தேர்வு அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள். எதிரே இரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் வாய் திறக்காமல் மதிப்பெண் போடுவார். அட்டையில் ஐந்து படங்கள்: பூங்கா, நூலகம், பேருந்து நிறுத்தம், சலூன், சந்தை. முன்பின் தெரியாதவர்கள் பழக இவற்றில் எது நல்ல இடம் என்பது கேள்வி.

சலூன் படத்தைப் பார்த்ததும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இனி மூன்று நிமிடமும் அவருடையதுதான் என்று நினைத்து, முந்திக்கொண்டு பூங்காவைப் பற்றி மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் அண்ணன் சாதாரணமாக, “மழை பெய்தால் என்ன செய்வார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மதிப்பெண் போடுகிறவர் எதையோ எழுதினார். மேல்தட்டில் இருக்கிற பிளாஸ்டிக் உறை என் கண்முன் வந்தது.

அண்ணன் உடம்பை லேசாக என் பக்கம் திருப்பினார். சலூன் படத்துக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் விரல் சந்தைப் படத்தில் நின்றது. நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: நான் நாள் முழுவதும் ஒரே அறைக்குள் இருப்பவன். சந்தையின் உள்ளே நடப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் முதல் லாரி வரும்போது அங்கே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களா?

இதற்கு என்னிடம் மனப்பாடமான பதில் கிடையாது. ஆனால் பதில் தெரியும். பெரும்பாலும் தெரியாதவர்கள் என்றேன். ஆனால் கனமான மூட்டையை யாரும் தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், பெயர்கூடத் தெரியாமல் கை கொடுப்பார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான் வரும் என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணன். “என் அப்பா அங்கே மூட்டை தூக்குகிறார்.” எந்த மொழியிலும் நானாக முன்வந்து சொல்லாத வாக்கியம் அது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை நான் பேசினேன். அண்ணன் சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சலூனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இருபதாம் தேதி முடிவு வந்தது. இருவரும் தேறியிருந்தோம். பேச்சில் என்னைவிட அவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். வகுப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில், மனசு உறுத்தியதால் சொல்லிவிட்டேன்.

“அண்ணா, நான் உங்களோட ஜோடி வேண்டாம்னு டீச்சர்கிட்ட கேட்டேன்.”

டீயை ஒரு வாய் குடித்தார். “நானும்தான் கேட்டேன்.”

“என்னது?”

“பின்ன? நீங்க மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற ஆளு. நான் நடுவுல ஒரு வார்த்தை போட்டா அப்படியே நின்னுடுவீங்க, என் மார்க்கும் போயிடும்னு பயம். பொண்ணுகிட்ட பந்தயம் வேற கட்டியிருக்கேன். கடைசியில அதே மாதிரிதானே நின்னீங்க!”

கண்ணில் நீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

“அப்புறம் ஏன் சலூனப் பத்திப் பேசல?”

“நாற்காலில உட்கார்ந்த ஆளு விறைச்சுப் போயிட்டா கத்தரிய ஓட்டக் கூடாது தங்கச்சி. முதல்ல பேச்சுக் கொடுத்துத் தோளத் தளர்த்தணும். அவங்களுக்குத் தெரிஞ்சதத்தான் கேட்கணும்.”

எனக்குத் தெரிந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நான் எரிச்சலோடு பதில் சொன்ன அந்தக் கேள்விகளால்தான். “ரொம்ப நன்றி அண்ணா” என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி மாறியது. “நன்றி சொல்லிட்டு இந்தப் பக்கமே வராமப் போயிடாதீங்க.”

போகவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் விடுமுறை நாளில் அப்பாவை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, அண்ணன் கத்தரியை எடுத்தார். உள்ளே மகள் முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அதிகம் பேசாத என் அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கழுத்து வலி இப்ப எப்படி இருக்கு?” என்று ஆரம்பித்தார் அண்ணன். “வயசு என்ன ஆகுது உங்களுக்கு? பொண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்காங்க?”

அப்பாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.