காளை நெஞ்சு

பழனிசாமி வந்தால் டெய்ரி ஃபார்ம் காளைகள் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிடும் என்பார்கள். மிகை கொஞ்சம்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் காயடிப்பது அவர் வேலை. இரும்புக் கிடுக்கியால் ஒரே அழுத்து, காளை எருதாகிவிடும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். "ஆம்பளைன்னா நெஞ்சுரம் வேணுமுங்க" என்று மீசையை முறுக்குவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பாவத்துக்கு அதைத் தினமும் கேட்டுத் தொலைத்தேன்.

அறுபத்தேழு மழைக்காலத்தில் அவருக்கும் அவர் மனைவி இந்திராணி அக்காவுக்கும் ஒரே விஷக்காய்ச்சல். அக்கா நாலு வேளை கஞ்சி குடித்துவிட்டுக் குழாயடிக்குக் குடத்தோடு போய்விட்டார். நெஞ்சுரக்காரர் எழவில்லை. வாசல்வரை நடந்தாலே மூச்சிரைத்தது, கால் வீங்கியது.

டாக்டர் சிவஞானம் வந்து பார்த்தார். "காய்ச்சல் இதயத்துல இறங்கியிருக்கு, சதை வீங்கிக் கிடக்கு. மூணு மாசம் படுக்கைதான். மீறினா உசுருக்கு ஆபத்து."

"எனக்கும் அதே காய்ச்சல்தானுங்களே?" என்றார் அக்கா.

"இந்த வீக்கம் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்மா. காரணம் முழுசாத் தெரியலை. ஆண் ஹார்மோன் தூண்டிவிடுதோன்னு சந்தேகம். பொம்பளைங்களுக்கு அவங்க ஹார்மோனே காவல். அதுவும் மாதவிலக்கு நிக்கிறவரைக்கும்தான்."

ஹார்மோன் என்றால் என்ன என்று பழனிசாமி விழித்தார். டாக்டர் அதை விளக்கப் போனதுதான் வினை. "உங்க தொழில்தான்யா. காளைகிட்ட இருக்கும், எருதுகிட்ட இருக்காது."

மீசை தொங்கிவிட்டது. இரண்டு கையும் போர்வைக்குள் போய்விட்டன. "டாக்டர் சாப், மாத்திரையில ஆகாதுங்களா?"

நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

படுத்திருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மூச்சு கொஞ்சம் சீரானதும் வீம்பு திரும்பிவிட்டது. முரட்டுக் காளை ஒன்று வந்திருக்கிறது, யாராலும் அடக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டு, அக்கா குழாயடியில் இருந்த நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார். கிடுக்கியைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். காளை முழுசாக வீடு திரும்பியது. இவரை நாங்கள் நாலு பேர் தூக்கி வந்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இந்த மனுசன் போயிட்டா நான் யாருகூடச் சண்டை போடறது?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் கிடுக்கி துலக்கி வைத்த குத்துவிளக்குபோலத் தலைமாட்டில் இருந்தது. "இன்னொருக்கா எந்திரிச்சீங்க, நோவை வேரோட எடுத்துப்போடுவேன் மாமா. கம்முனு கெடங்க" என்றார் அக்கா.

கம்மென்று கிடந்தார். பிழைத்தார். வேலைக்கும் போனார், மீசையையும் முறுக்கினார். குழாயடிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அது பொம்பளை வேலையாம்.

வருஷங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு மறுபடி காய்ச்சல். வழக்கம்போல அவர் குடத்தை எடுத்தார். பழனிசாமி கிடுக்கியும் கையுமாக வாசலை மறித்தார்.

"போய்ப் படு புள்ள."

"எனக்கு எதை நசுக்கறதா உத்தேசமுங்க?"

கிடுக்கியைக் கீழே போட்டார். "உனக்குத்தான் அது நின்னுபோச்சே. டாக்டர் சொன்ன காவல் போயிருச்சு. பயமா இருக்குது புள்ள."

அந்த வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். அக்கா போய்ப் படுத்துக்கொண்டார். பழனிசாமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.