மதகுக்கு அந்தப் பக்கம் மூன்று கருவேலமரங்கள்

எங்கள் ஏரிக்கரையில் நின்ற நாட்டுக் கருவேலமரங்களைக் கொன்றது நீதான். கம்பெனிக்காரன் இல்லை, மெஷின் ஓட்டியவன் இல்லை. ஏரிச் சங்கத் தலைவர் என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற நீ. என் புருஷனின் தம்பி என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

போன கோடையில் தேர்வாய் கண்டிகைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஏரியைச் சுத்தம் செய்ய வந்தது. சீமைக் கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று பேனர் கட்டினார்கள். நல்ல காரியம்தான். அந்தச் சனியன் ஏரிக்குள் காடாகக் கிடந்தது. எதை வெட்டுவது என்று காட்ட உன்னைத்தான் கூப்பிட்டார்கள். சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள் உன் பின்னாலேயே வந்தான்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த நான் பார்க்கிறேன், அவன் நாட்டு மரத்தில் கோடு போடுகிறான். அவன் வெளியூர்க்காரன். சீமைக் காய் நீட்டமாக மஞ்சளாகத் தொங்கும், நம்முடையது மணி கோத்த மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உனக்குமா தெரியாது? இன்றைக்கும் அந்தக் குச்சியை ஒடித்துத்தானே பல் விளக்குகிறாய்?

ஓடிப்போய்க் கேட்டேன்.

"இன்னா நைனா, நாட்டு மரத்துல பெயிண்ட் அடிச்சிக்கினு கீறான், நீ பாத்துக்கினு நிக்கிற?"

"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி. ஆபீசரு கீறாரு. எல்லாம் முள்ளு மரந்தான்."

"முள்ளு இருந்தா சீமையா? உன் மீசையுந்தான் முள்ளாட்டம் கீது. உனுக்கும் ஒரு கோடு போடச் சொல்லட்டா?"

பெயிண்ட் அடித்தவன்கூடச் சிரித்துவிட்டான். நீ அந்த அதிகாரி பக்கம் திரும்பி, "ஆடு மேய்க்கறவங்க சார், விடுங்க" என்றாய்.

சாயங்காலத்துக்குள் கரை மொட்டை. மேடை போட்டு உனக்குச் சால்வை போர்த்தினார்கள். கம்பெனி மதிலை ஒட்டி நிற்கிற சீமைக் கருவேலத்தில் மட்டும் ஒரு கிளைகூட விழவில்லை. அது அவர்களுக்கு வேலியாம். கரையில் பூச்செடி நட்டுப் போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது கருகிப்போனது. கருவேலத்துக்கு எவன் ஊற்றினான்?

புல் காய்ந்த பிறகு எங்கள் ஆடுகளுக்கு நாட்டுக் கருவேலங்காய்தான் சோறு. தின்றுவிட்டு ராத்திரி அசைபோட்டுக் கொட்டையைத் துப்பும். காலையில் பட்டியைப் பெருக்கினால் முறம் நிறையக் கொட்டை கிடைக்கும். இந்தக் கோடையில் ஒரு கைப்பிடிக் கொட்டை தேறினால் அதிகம், மற்றது புழுக்கைதான், அதுவும் கொஞ்சம். குட்டி போட்ட ஆடுகளுக்கு மடி வற்றிவிட்டது. பசியில் குட்டிகள் கத்துவது உன் வீடு வரைக்கும் கேட்கிறது, கேட்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டுகிறாய்.

மதகுக்கு அந்தப் பக்கம் மூன்று மரங்கள் மிச்சம். இப்போது பட்டியில் கொஞ்சமாவது கொட்டை விழுகிறதென்றால் அந்த மூன்றால்தான். அவற்றிலும் உன் சிவப்புக் கோடு இருக்கிறது. மெஷின் மறுபடி வருகிறதென்று டீக்கடையில் நீயே பெருமையடித்திருக்கிறாய்.

வீட்டு வாசலில் வந்து, "நான் பேசிக்கறேன் அண்ணி" என்று முணுமுணுக்காதே. கிராம சபையில் மைக்கைப் பிடி. சால்வை போர்த்தியவர்களையும் கூப்பிட்டு உட்கார வை. ஊர் கேட்கச் சொல்: அந்த மூன்றும் எந்த மரம்? கோட்டை அழிப்பாயா, மாட்டாயா?