இரட்டை வேகத்தில் கேட்ட குரல்

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் சுவரோரம் இருந்த மேசை அவருடையது. சன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத் தாமே இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்று தொட்டு ஒன்பது ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்து, பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுதுபோக்கு அல்ல; பிழைப்பே அதுதான். கணினி விளையாட்டுகளை ஆடிக்கொண்டே பேசி, அதைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறவர்களின் காணொளிகள் அந்த அலுவலகத்துக்கு வரும். எது எந்த வயதுக்கு ஏற்றது என்று பார்த்துச் சொல்வது அங்கிருந்த பதினான்கு பேரின் வேலை. ஏழு வயதுப் பிள்ளை பார்க்கலாம் என்றால் பச்சை முத்திரை. பதின்மூன்று நிறைய வேண்டும் என்றால் மஞ்சள். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் சிவப்பு. பச்சைக்கு இறுதிக் கையெழுத்து அவருடையது. அதனால் ‘முத்திரை அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து மேசைக்காரருக்கு அங்கே ‘துப்பாக்கி’ என்று பெயர். சுடுகிற விளையாட்டுகள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். நாளெல்லாம் குண்டு மழையில் நனைகிற அந்த மனிதர், கதவு சற்று ஓங்கிச் சாத்தப்பட்டால் நாற்காலியோடு துள்ளுவார்.

மதிப்பீட்டுப் படிவத்தில் இருபத்தொரு கேள்விகள். ரத்தம் உண்டா, ஆயுதம் உண்டா, வசைச்சொல் உண்டா, சூதாட்டம் உண்டா, பொருள் வாங்கச் சொல்லித் தூண்டுகிறதா என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபத்தைந்து காணொளி முடித்தாக வேண்டியிருந்ததால், எல்லோருமே இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்ப்பார்கள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. மற்றவர்கள் நடுநடுவே தாண்டியும் பார்ப்பார்கள். முத்திரை அக்கா ஒரு நொடியைக்கூடத் தாண்ட மாட்டார். இந்த வேலைக்கு முன் பதினோரு ஆண்டுகள் மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர் அவர். தட்டியதைச் சரிபார்க்க அந்தக் குரல்களை இரட்டை வேகத்தில் கேட்டுக் கேட்டுக் காது பழகியிருந்தது. எத்தனை விரைவாக ஓடினாலும் ஒரு சொல் அவரிடமிருந்து நழுவாது. வாசலருகே ஒரு பலகை உண்டு. யாருடைய தீர்ப்பு எத்தனை முறை பின்னர் மாற்றப்பட்டது என்ற கணக்கு அதில் இருக்கும். ஒன்பது ஆண்டுகளாக அவருக்கு நேரே சுழியம்.

வீட்டில் அந்தச் சுழியத்துக்குத் தனி மரியாதை இருந்தது. மணம் செய்துகொள்ளாத அவர், தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பிக்கு ஒரே மகள், ஏழு வயது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவு இருந்தாள் என்று தம்பி சொன்ன மிகை, ‘சுண்டு’ என்று நிலைத்துவிட்டது. திரையில் எதைப் பார்க்கலாம் என்று அவள் கேட்டால் தாய்க்கு ஒரே பதில்தான்.

“பச்சை இருக்கா? அப்போ பாரு. உங்கத்தை பார்த்துட்டாங்க.”

அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் அத்தைக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டாகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பள்ளி விடுமுறையின் இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், சுண்டு நாற்காலியிலேயே நனைத்துவிட்டாள். முதல் முறை அல்ல; அந்த வாரத்தில் அது மூன்றாவது. உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்.

“ரெண்டு வயசுல நிறுத்தின பழக்கம்டி இது!” தாய் துடைக்கும் துணியோடு நின்றாள். “கழிப்பறை என்ன அடுத்த ஊர்லயா இருக்கு? எட்டு எட்டு வெச்சா வந்துடும். அவ்வளவு நேரம் அந்தப் பொட்டிய விட்டு எழுந்திருக்க முடியாதா உனக்கு?”

சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கமாக வாய் ஓயாத பிள்ளை.

“விடும்மா, நான் பார்த்துக்கறேன்,” என்று முத்திரை அக்கா அவளைக் குளியலறைக்கு அழைத்துப்போனார். வெதுவெதுப்பான நீர் ஊற்றி, உடை மாற்றி, துண்டால் தலையைத் துவட்டும்போது எதுவும் கேட்கவில்லை. முகம் துண்டுக்குள் மறைந்திருந்த நேரத்தில் குரல் தானாக வந்தது.

“நான் எழுந்து போனா தோட்டக்கார மாமா தனியா இருப்பாரு அத்தை.”

“யாரு?”

“தோட்டம் போடுவாரே, அவரு. எல்லாரும் அவரை விட்டுட்டுப் போயிடறாங்க. நான் மட்டும்தான் போகல.”

துவட்டிய கை நின்றது. தோட்டக்காரனை அவருக்குத் தெரியும். கட்டங்கட்டமாக நிலம் பிரித்து, விதை ஊன்றி, வேலி கட்டி, முயல் வளர்க்கிற ஒரு விளையாட்டை ஆடுகிறவன். முகம் காட்டமாட்டான், குரல் மட்டுமே கேட்கும். ரத்தம் இல்லை, ஆயுதம் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. இருபத்தொரு கேள்விக்கும் ‘இல்லை’. அவனுடைய அறுபத்து மூன்று காணொளிகளுக்குப் பச்சை கொடுத்தவர் அவரேதான். ‘இப்படி நான்கு பேர் இருந்தால் நம் வேலை எளிது’ என்று துப்பாக்கியிடம் மெச்சிக்கூடப் பேசியிருந்தார்.

“வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்,” என்றார்.

சுண்டு பார்த்துக்கொண்டிருந்த காணொளியைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார்கள். கை பழக்கத்தில் வேகத்தைக் கூட்டும் பொத்தானை நோக்கிப் போனது. சுண்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

“ஏன் அத்தை? அப்படியே வைங்க. ஓட வெச்சா அவர் பேசறது புரியாது.”

ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, ஒரு மனிதன் பேசும் வேகத்திலேயே அவன் பேச்சை அவர் கேட்டார்.

முதல் பத்து நிமிடம் கேரட் விதைத்தான். குரல் தாழ்ந்து, சற்றே கரகரத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. பிறகு விளையாட்டின் முயல் ஒன்று வேலிக்கு வெளியே போயிற்று. அவன் அதைத் தேடவில்லை. நகராமல் நின்றான். பெருமூச்சு ஒன்று கேட்டது. அதன்பின் ஒன்றுமே இல்லை. திரையில் காற்றுக்குச் செடிகள் மட்டும் ஆடின. முத்திரை அக்கா தம்மை அறியாமல் எண்ணத் தொடங்கி, நாற்பதுவரை வந்துவிட்டார்.

“போயிட்டீங்கல்ல?” என்றது குரல், மெல்ல. “தெரியும். எல்லாரும் கொஞ்ச நேரம் இருப்பீங்க, அப்புறம் போயிடுவீங்க. பரவாயில்ல. நீயாவது இருக்கியா? இருந்தா நான் இன்னிக்கு சாப்பிடுவேன். இல்லன்னா எதுக்கு?”

சுண்டு திரையை நோக்கிச் சற்று நகர்ந்தாள்.

“நான் இருக்கேன்,” என்று அதனிடம் சொன்னாள்.

அவ்வளவு தாழ்ந்த குரலில், அவ்வளவு பழக்கத்தோடு அவள் சொன்னதை அருகிலிருந்து கேட்டபோது, முத்திரை அக்கா காணொளியை நிறுத்தினார்.

சுண்டு உறங்கப்போகுமுன்பே, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு அதே பகுதியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். பெருமூச்சு ஒரு செருமலாகச் சுருங்கியது. நாற்பது நொடி மௌனம், செடிகள் துள்ளியாடும் இருபது நொடி வேடிக்கையாயிற்று. ‘நீயாவது இருக்கியா’ என்பது கீச்சுக் குரலில், கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் வந்து போயிற்று. இரட்டை வேகத்தில் எல்லாக் குரலும் குதூகலமாகத்தான் கேட்கும். ஒரு சொல்லும் அவரிடமிருந்து நழுவியிருக்கவில்லை. சொற்களுக்கு இடையில் இருந்தது மட்டும் நழுவியிருந்தது.

தம்பி மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அந்தப் பச்சை நீங்க போட்டதா அண்ணி?”

“நான்தான்.”

“அடிக்கடி நனைக்கிறாளேன்னு முந்தாநாள் அவளை ஒரு அடி அடிச்சுட்டேன்.” மடித்த துணியை மறுபடி பிரித்தாள். “கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கறீங்கன்னு ஊரெல்லாம் பெருமை பேசினேன். காதுல பஞ்சு வெச்சிருந்தீங்க போல.”

தம்பி நாளிதழிலிருந்து தலை தூக்கி, “ஏய்,” என்றான்.

“அவ சொல்றது சரிடா,” என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை அவர் மேற்பார்வையாளர் முன் நின்றார். அந்த அலுவலகத்தில் ‘தன்திருத்தம்’ என்று ஒரு தாள் உண்டு. தம் தீர்ப்பு தவறு என்று மதிப்பீட்டாளர் தாமே எழுதித் தரும் தாள். அதைக் கொடுத்தால், அதே ஆளின் காணொளிகள் அனைத்தையும் கொடுத்தவரே மீண்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே யாரும் அதை எழுதுவதில்லை. அலமாரியிலிருந்து எடுத்தபோது தாளின் ஓரம் பழுத்திருந்தது.

மேற்பார்வையாளர் அவரைவிட இளையவர், நல்லவர், அவசரக்காரர்.

“என்னக்கா இது? கெட்ட வார்த்தை ஏதாவது விட்டுட்டீங்களா?”

“இல்ல சார்.”

“ரத்தம்?”

“இல்ல.”

“பின்ன இருபத்தொண்ணுல எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ போடப் போறீங்க?”

“எதுக்குமே போட முடியாது. அப்படி ஒரு கேள்வி படிவத்துல இல்ல.”

“கேள்வியே இல்லாத குத்தத்துக்கு நீங்களா வந்து தலைய நீட்டறீங்களே!” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அந்த ஆளு வேணும்னே நடிக்கிறானா, நிஜமாவே தனிமையில தவிக்கிறானா? அது தெரியுமா உங்களுக்கு?”

இந்தக் கேள்வியோடுதான் ஞாயிறு முழுவதும் அவர் போராடியிருந்தார். பிள்ளைகளைத் திரையில் கட்டிப்போடும் தந்திரமாக இருக்கலாம். ஓர் அறையில் உண்மையாகவே யாருமற்று உட்கார்ந்திருக்கும் மனிதனாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், அவன்மேல் மஞ்சளைப் பூசுவது அவனிடமிருந்து கடைசித் துணையையும் பறிப்பதாகாதா? அந்த எண்ணம் அவரை வெகுநேரம் வாட்டியது.

“தெரியல சார். தெரிஞ்சுக்கவும் முடியாது. நடிப்பா இருந்தாலும் சரி, நிஜமா இருந்தாலும் சரி, ஒரு பெரிய மனுஷன் சாப்பிடறதும் சாப்பிடாததும் ஏழு வயசுக் குழந்தை தலையில ஏறக் கூடாது. எங்க வீட்டுப் பிள்ளை அதைத் தூக்கிக்கிட்டு ரெண்டு வாரமா உட்கார்ந்திருக்கு. வேற எத்தனை வீட்டுல உட்கார்ந்திருக்கோ.”

மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் படித்தார். அவருக்கும் வீட்டில் ஒரு மகள் உண்டு.

“இதை வேகத்தைக் குறைச்சுத்தான் பார்க்கணும்னும் எழுதியிருக்கீங்க. உங்க நாள் கணக்கு பாதியாயிடும். பலகையில எண் ஏறும். மேலிடத்துல கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். பதில் சொல்றேன்.”

“அறுபத்து மூணும் முழுசா?”

“முழுசா.”

மேற்பார்வையாளர் கையெழுத்திட்டார். மேலிடத்திலிருந்து மறுமொழி வரும்வரை அந்த ஆளின் காணொளிகளுக்கு மஞ்சள் என்று ஓரத்தில் குறித்தார். நண்பகலில் பலகையின் சுழியத்தை அழித்து ஒன்று என்று எழுத, முத்திரை அக்காவே சுண்ணக்கட்டியை எடுத்துப்போனார். ஒன்பது ஆண்டுச் சுழியம் எளிதில் அழியவில்லை. ஈரத்துணி கொண்டுவர வேண்டியிருந்தது.

“யானைக்கும் அடி சறுக்கும்க்கா,” என்றார் துப்பாக்கி, தேநீரை நீட்டியபடி.

“சறுக்கினா யானைக்கு மட்டும்தான் அடி படும் தம்பி. இது கீழ இருந்த பிள்ளை மேல விழுந்துடுச்சே.”

துப்பாக்கி தம் மேசைக்குத் திரும்பினார். அன்று மாலைவரை அவர் திரையில் குண்டுகள் வழக்கத்தைவிட மெதுவாகவே வெடித்தன.

ஆனால் தாளில் எழுதியதைச் சுண்டுவிடம் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த பச்சையைத் தாமே எடுத்துவிட்டதாகவும், இனி அதைப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் காணொளி ஐந்து மாதத்துக்கு முன்னால் எடுத்தது, அவள் எழுந்து போனாலும் இருந்தாலும் அந்த மனிதனுக்குத் தெரியாது என்றும் விளக்கினார்.

சுண்டு நெடுநேரம் யோசித்தாள்.

“அப்போ அன்னிக்கு அவர் சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டிருப்பாரு. அதுக்கப்புறமும் இருபது படம் போட்டிருக்காரே.”

“நான் ‘இருக்கேன் இருக்கேன்’னு சொன்னது?”

“அவருக்குக் கேட்கல கண்ணு.”

சுண்டு அழத் தொடங்கினாள். அழுகை அத்தனை நாள் கட்டிக் கிடந்தது போலும். அடங்கக் கால்மணி ஆயிற்று. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அத்தையை நேராகப் பார்த்தாள்.

“நீங்க மொதல்ல பார்த்தப்போ, அவர் சோகமா இருந்தது உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியல. ஓட்டிப் பார்த்தேன். தப்பு என்னோடதுதான். அதனால அந்த அறுபத்து மூணையும் இப்ப திரும்பப் பார்க்கப்போறேன்.”

“ஓட்டாம?”

“ஓட்டாம.”

“அவர் பேசாம இருப்பாரே, அப்பவும்?”

“அப்பவும்.”

“நடுவுல எழுந்து போக மாட்டீங்களே?”

கழிப்பறைக்கு மட்டும் போவேன், அதில் ஒன்றும் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தார் முத்திரை அக்கா. அப்படியே சொல்லவும் செய்தார். “ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வருவேன். நிறுத்தி வெச்சுட்டுப் போவேன். வந்து அதே இடத்துலேர்ந்து பார்ப்பேன்.”

சுண்டு அதை எடைபோட்டாள். அந்த முகத்தில் இருந்த கண்டிப்பை, படிவம் நிரப்பும்போது தம் முகத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் கண்டிப்பாக அவர் அடையாளம் கண்டார்.

“அப்போ சரி. இனிமே நீங்க இருங்க,” என்றாள் குழந்தை.

நாற்காலியிலிருந்து இறங்கி, எட்டு எட்டுக்குள் வருகிற அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனாள். நீர் ஊற்றும் ஓசை கேட்டது. திரும்பி வந்தவள் திரைப்பக்கம் வரவில்லை. சமையலறைக்குள் புகுந்து, பசிக்கிறது என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மூன்றாம் மாடியில், முத்திரை அக்கா முதல் காணொளியைத் திறந்தார். வேகம் ஒன்று என்று வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.